பதினோராவது கல்

1

இந்த நாட்டுக்கும் ஒரு நெடுஞ்சாலை உண்டு. வடக்கே நிலம் முடிகிற முனையில் ஆரம்பித்து, நடுவில் கடல் குறுக்கிட்டதும் வண்டிகளைக் கப்பலில் ஏற்றி அக்கரை சேர்த்து, தெற்கே மறுபடியும் நிலம் முடிகிற இடம் வரை போகிறது. ஒன்றாம் நம்பர் ரோடு. நியூசிலாந்தின் தெற்குத் தீவில் அஷ்பர்ட்டன் என்ற சமவெளி ஊரில், அந்த ரோட்டிலிருந்து நாலு தெரு தள்ளி எங்கள் வீடு. காஷ்மீரில் கிளம்பி கன்னியாகுமரிக்குப் போகிற நம்முடைய நாற்பத்து நாலாம் நம்பர் ரோடு, தாடிக்கொம்புக்கு வடக்கே எங்கள் ஊரை உரசிக்கொண்டு போகிறது. ஒரு நெடுஞ்சாலையிலிருந்து ஓடி இன்னொரு நெடுஞ்சாலையில் வந்து விழுந்தவன் நான். விழுந்தது மட்டுமில்லை, பிழைப்பே அதில்தான்.

ரோடு வேலை நடக்கும் இடங்களில் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் கோன்களை வரிசையாக வைப்பதும், வேலை முடிந்ததும் எடுப்பதும் என் உத்தியோகம். இடையில் ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதன் ஒரு பக்கம் 'நில்' என்றும் மறுபக்கம் 'போ' என்றும் எழுதியிருக்கும். திண்டுக்கல் நாகல் நகரில் இருக்கும் என் அக்கா, தம்பி அங்கே ரோடு இன்ஜினியர் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். நான் மறுத்ததில்லை. நான் மறுக்காத விஷயங்களில் இது ஆகச் சிறியது.

போன மாதம் ஒரு சாயங்காலம் கோன்களை எல்லாம் லாரியில் ஏற்றி எண்ணியபோது ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினேன். அப்போதும் ஒன்று குறைந்தது. எங்கள் குழுவுக்குத் தலைமை ஷெரில் என்கிற அம்மா. அறுபது வயது, வாயில் எப்போதும் மிட்டாய் அடக்கியிருப்பார். காற்று தள்ளிக்கொண்டு போயிருக்கும், விடு, நாளைக்கு வேறு எடுத்துக்கொள்ளலாம் என்றார். நான் கேட்கவில்லை. ரோட்டோரமாகவே முக்கால் கிலோமீட்டர் நடந்து போய், புல்லுக்குள் கவிழ்ந்து கிடந்ததை எடுத்துக்கொண்டு வந்தேன். லாரியில் ஏறி உட்கார்ந்த பிறகும் அதை மடியிலிருந்து இறக்கவில்லை. ஷெரில் பார்த்துவிட்டு, "ஒரு பிளாஸ்டிக் கோன்தானே, அதனால் யாரும் சாகப்போவதில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஆறுதலுக்குத்தான் சொன்னார், பாவம்.

வருகிற பொங்கல் முடிந்து நாலாம் நாள், பதினேழு வருஷம் ஆகிறது.

2

எங்கள் காட்டின் மேற்கு ஓரத்தில் ஒரு தட்டைப் பாறை இருந்தது. அதுதான் எங்கள் களம். கொள்ளு, சோளம், உளுந்து எது விளைந்தாலும் அந்தப் பாறையில்தான் அடிப்பது, தூற்றுவது, காயப்போடுவது எல்லாம். ரோட்டை நாலு வழியாக்க வந்தபோது அந்தப் பாறை ரோட்டுக்குள் போனது. உடைத்து மட்டமாக்கி மேலே தார் ஊற்றினார்கள். ஊரில் பல பேருக்குக் கிணறு போனது, சிலருக்கு வீடு போனது. எங்களுக்குக் களம்.

அப்பா அதைப் போனதாகவே ஒப்புக்கொள்ளவில்லை. "அவுக மேல ரோடு போட்டிருக்காக. களம் எங்க போச்சு? அடியில கெடக்குல்ல" என்பார். தெற்கே போகும் பாதையின் இடது ஓரத்தில் எங்கள் களம் எங்கே ஆரம்பித்து எங்கே முடிந்தது என்று, எதிரே இருந்த வேப்பமரத்தையும் ஒரு மைல் கல்லையும் வைத்து அவருக்கு அடி பிசகாமல் தெரியும். மழையை நம்பி விதைத்த கொள்ளு தை மாதம் பிடுங்கியதும், செடியை அந்த இடத்திலேயே கொண்டுபோய்ப் பரப்புவார். பெங்களூரிலிருந்து வரும் லாரிகள் ஏறி இறங்கி அடித்துக் கொடுக்கும். மாடு கட்டி அடித்தால் ரெண்டு நாள் ஆகிற வேலையை லாரி ரெண்டு மணி நேரத்தில் முடிக்கிறது என்று அவருக்கு ஒரு பெருமை. அந்தப் பக்கத்து ஊர்களில் எல்லாரும் இப்படித்தான் செய்தோம். தப்பு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

செடியை உதறி எடுத்த பிறகு, மணியை ஓரமாகக் குவித்துக் காயவைப்போம். அதன் மேல் வண்டி ஏறக்கூடாது. அதற்காகச் சுற்றிலும் கல் வைப்போம். பரங்கிக்காய் அளவில் பதினோரு கல், எல்லாம் எங்கள் காட்டுக் கல்தான். வைப்பது அப்பா, எடுப்பது நான். பேசி முடிவு செய்ததில்லை, அப்படியே பழகிவிட்டது.

3

அந்த வருஷம் பொங்கல் முடிந்து நாலாம் நாள், பொழுது இறங்கும்போது கொள்ளை மூட்டை கட்டினோம். அப்பா ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். "கல்லப் பூராம் எடுத்து வரப்புல போட்டுட்டு வாப்பு. வெளிச்சம் போகப்போகுது" என்று திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. வெளிநாட்டில் படிக்கப் போக எல்லா ஏற்பாடும் நடந்துகொண்டிருந்தது. முதல் கல்லைக் குனிந்து எடுக்கும்போதே திண்டுக்கல்லிலிருந்து ஏஜென்ட் கூப்பிட்டார். இன்னும் எந்தெந்தச் சான்றிதழ் வேண்டும், போலீஸ் விசாரணைக்கு வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கல்லைத் தூக்கித் தூக்கி வரப்பில் போட்டேன். எண்ணவில்லை. மறுநாள்தான் எண்ணினேன். வரப்பில் பத்து கிடந்தது.

நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா கால் கழுவிக்கொண்டிருந்தார். ரோட்டுப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. பெரிய சத்தம் கூட இல்லை. இரண்டு பேரும் ஓடினோம். டிவிஎஸ் ஃபிஃப்டி ஒன்று சாய்ந்து கிடந்தது. பின்னால் கட்டியிருந்த மூட்டை அவிழ்ந்து, கொள்ளு காய்ந்த அதே இடத்தில் சுங்குடிச் சேலைகள் பரவிக் கிடந்தன. ஓட்டி வந்தவரின் தலை எங்கள் கல் ஒன்றின் பக்கத்தில் இருந்தது. மூச்சு இல்லை. ஒரு லாரிக்காரர் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு ஆம்புலன்சுக்குப் போன் செய்துகொண்டிருந்தார்.

இறந்தவர் பெயர் செல்வராஜ், சின்னாளபட்டிக்காரர், வேடசந்தூர்க் கடைகளுக்குச் சேலை போட்டுவிட்டு மிச்சத்தோடு திரும்பிக்கொண்டிருந்தவர் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அப்பா ஒரு சேலையை எடுத்து உதறி அவர் மேல் போர்த்தினார். அப்புறம் என் பக்கம் வந்து, லாரிக்காரருக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"நீ திண்டுக்கல்லுக்குப் போயிருக்க. இன்னும் வரல."

"அப்பா, கல்லு நான்தான..."

"பேசாத. காட்டு வழியா போயி பஸ் ஏறு. செத்த நேரத்துல போலீஸ் வந்துரும்."

போனேன். எத்தனை விதமாக எழுதிப் பார்த்தாலும் அந்த ஒரு சொல்தான் மிஞ்சுகிறது. போனேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நின்று டீ குடித்தேன். டீ நன்றாக இருந்தது என்பது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, அதற்காகவே என்னை எனக்குப் பிடிக்காமல் போனது.

4

"கல்லு வச்சதும் நான்தான், எடுக்காம விட்டதும் நான்தான்" என்று அப்பா எழுதிக் கொடுத்தார். மகன் ஊரில் இல்லை என்றார். என் பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் என்மேல் வழக்கு எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். உண்மைதான். வழக்கு அப்பா மேல் இருந்தது.

ஒரு வருஷத்தில் நான் விமானம் ஏறிவிட்டேன். வழக்கு மெதுவாக நடந்தது. நான் படித்து முடித்தேன், வேலை தேடினேன், ஒட்டன்சத்திரத்துப் பக்கம் பெண் பார்த்துத் தேன்மொழியைக் கல்யாணம் செய்து கூட்டி வந்தேன். அவள் மாசமாக இருந்தபோது தீர்ப்பு வந்தது. அப்பா ஆறு மாதம் மதுரையில் உள்ளே இருந்தார். அந்த ஆறு மாதத்தில்தான் என் மகள் பிறந்தாள். அப்பா வெளியே வந்து முதல் போனில் கேட்டது, "பாப்பாவுக்குத் தலையில முடி இருக்கா?" என்பதுதான்.

இந்த நாட்டில் எதற்கும் ஒரு படிவம் உண்டு. விசாவை நீட்டிக்க ஒன்று, நிரந்தரமாகத் தங்க ஒன்று, குடியுரிமைக்கு ஒன்று. எல்லாவற்றிலும் அந்தக் கேள்வி வரும்: நீங்கள் எப்போதாவது குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டதுண்டா? விசாரணையில் இருந்ததுண்டா? 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடிப்பேன். சட்டப்படி அது சரியான பதில். எத்தனை தடவை அடித்திருக்கிறேன் என்று தெரியாது. ஒரு தடவை கூட கை இயல்பாக நகர்ந்ததில்லை.

அம்மா இறந்த பிறகு, அப்பாவை ஒரு மூன்று மாதம் இங்கே கூட்டிவர நினைத்தேன். அவர் பெயரில் படிவத்தைத் திறந்து நானே நிரப்பினேன். அதே கேள்வி. இந்த முறை 'ஆம்'. உடனே கீழே ஒரு பெரிய கட்டம் திறந்தது: நடந்ததை விளக்கி எழுதவும். என் கையால், அப்பாவின் பெயரில், அவர் செய்யாத தப்பை ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். இரண்டு வரி எழுதினேன். அப்புறம் கம்ப்யூட்டரை மூடிவிட்டேன். அந்தப் படிவத்தை அனுப்பவே இல்லை. "விசா குடுக்க மாட்டேன்னுட்டாங்கப்பா" என்று போனில் சொன்னேன். "பரவால்ல அப்பு, அங்க குளுரு தாங்காது எனக்கு" என்றார். அவர் என் மகளை இதுவரை நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை, அவளுக்கு நாலு வயதாக இருந்தபோது.

5

மகளுக்குப் பெயர் மகிழ். பதின்மூன்று வயது. அவளுடைய தமிழ் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு, ஊரில் காலை பத்தரை, தாத்தாவோடு பேசுவாள். "சாப்டீங்களா தாத்தா? வெஞ்சனம் என்ன?" என்பது வரைக்கும் தடங்கல் இல்லாமல் வரும். அதற்குமேல் ஆங்கிலத்தில் சொல்வாள், நான் மாற்றிச் சொல்வேன். சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதைத் தாத்தா வெஞ்சனம் என்பார். அதைப் பிடித்துக்கொண்டவள், இங்கே பள்ளிக்கூடத்து டிபன் பாக்ஸில் இருக்கும் கேரட்டையும் வெஞ்சனம் என்பாள்.

இந்த நாட்டில் ரோட்டில் யாராவது விபத்தில் இறந்தால் அந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சிலுவை நடுகிறார்கள். மகிழின் வகுப்பில் அதைப் பற்றி ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். அஷ்பர்ட்டன் பக்கத்து ரோட்டில் எத்தனை சிலுவை இருக்கிறது, ஒவ்வொன்றும் யாருக்காக என்று விசாரித்து எழுத வேண்டும். அதை அவள் என் அக்கா மகனிடம் போனில் சொல்லியிருக்கிறாள். அவன், நம்ம தாத்தா கூட இப்படி ஒரு ஆள் செத்ததுக்கு ஜெயிலுக்குப் போனவர்தானே, உனக்குத் தெரியாதா என்று பேச்சுவாக்கில் கேட்டுவிட்டான்.

சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்து, "தாத்தா ஒரு ஆளைக் கொன்னான்" என்றாள்.

"கொன்னாருன்னு சொல்லு கண்ணு. பெரியவங்கள அப்படிச் சொல்லக்கூடாதுங்க" என்றாள் தேன்மொழி. சொல்லி முடித்த பிறகுதான் தான் எதைத் திருத்தினோம் என்று அவளுக்கே உறைத்தது. நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவிக்கும் நான் அதுவரை ஊரார் அறிந்த கதையைத்தான் சொல்லியிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகிழ் போனை வாங்கவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. இறந்தவர் வீட்டில் போய்த் தாத்தா மன்னிப்புக் கேட்டாரா என்று என்னிடம் ஒரு தடவை கேட்டாள். தெரியாது என்றேன். தெரியாமல் எப்படி இருக்க முடியும் என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அப்பா வாரா வாரம் கேட்பார், "பாப்பா எங்க?" என்று. தூங்குது என்றேன். ஸ்கூல்ல முகாம் என்றேன். பரீட்சை என்றேன். ஆறாவது வாரம் அவராகவே நிறுத்திக்கொண்டார்.

"பாப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சா அப்பு?"

"ஆமாப்பா."

போனில் அவர் பின்னால் லாரிகள் போகிற சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அது கேட்கும்.

"நான் உண்மையச் சொல்லிர்றேன்பா" என்றேன்.

"சொல்லாத. இம்புட்டு வருசம் நான் செமந்தது எதுக்கு? புள்ள அப்பன அப்பனா நெனைக்கட்டும். எனக்கு இன்னும் எத்தன நாளு."

அதையும் அவர் சும்மா சொல்லவில்லை. எழுபத்து நாலு வயது. போன ஆடியில் நெஞ்சு வலி என்று அக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். இனி அலைச்சல் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவரிடம் மிச்சம் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகள் குறைவு. அதில் ஆறை என் மகளின் கோபம் தின்றிருந்தது. அந்தக் கோபம் நியாயமாக என்மேல் வர வேண்டியது.

6

போன சனிக்கிழமை மகிழைக் காரில் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினேன். வழியில் ஒரு வெள்ளைச் சிலுவை இருக்கும் இடத்தில் ஓரமாக நிறுத்தினேன். திட்டம் போட்டுத்தான் நிறுத்தினேன், கோழைக்கும் திட்டம் உண்டு. களம், கொள்ளு, கல், ஏஜென்டின் போன், பஸ் ஸ்டாண்ட் டீ வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். பாதித் தமிழ், பாதி ஆங்கிலம். அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள். வீட்டுக்கு வந்து தேன்மொழியிடமும் சொன்னேன். அவள் பிசைந்துகொண்டிருந்த மாவில் கையை வைத்தபடி நின்றாள்.

"மாமாவ இத்தன வருசம் நான் வேற கண்ணுல பாத்துட்டனேங்க" என்றாள்.

மறுநாள் ஞாயிறு. ஆறு மணிக்கு மகிழ் தானாகவே வந்து போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். நான் வாயைத் திறந்தபோது, "ஏனுங்க, நீங்க சும்மா இருங்க. அவ கேக்கட்டும்" என்றாள் தேன்மொழி.

"தாத்தா, மகிழ் பேசறேன்."

"தாயி..." என்றார் அப்பா.

"அப்பா சொன்னாங்க, அந்தக் கல்லு அப்பாதான் எடுக்கலன்னு. நீங்க அப்பாக்காக ஜெயிலுக்குப் போனீங்கன்னு. உண்மையா?"

லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. மூன்றோ நாலோ போயிருக்கும்.

"இல்ல கண்ணு" என்றார் அப்பா. "உங்கப்பன் அன்னைக்கு ஊர்லயே இல்ல. திண்டுக்கல் போயிருந்தான். கல்லு வச்சதும் நான்தான், எடுக்காம விட்டதும் நான்தான். அவன் எம்மேல உள்ள பாசத்துல சொல்றான். நீ அத நம்பாத."

போலீசிடம் சொன்ன அதே வாக்கியம். ஒரு சொல் மாறவில்லை. மகிழ் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பொய் சொல்லவில்லை, நீங்கள்தான் அவருக்காகப் பொய் சொல்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில், மெதுவாக, கிட்டத்தட்டக் கனிவாகவே சொன்னாள். ஒப்புக்கொள்கிற மனிதரை அவளுக்குப் பிடித்திருந்தது. அதுவரை ஒருவரும் அவளுக்கு நேராகப் பதில் சொன்னதில்லை.

"தாத்தா, அவங்க வீட்ல சாரி சொன்னீங்களா?"

"வருசா வருசம் போறேன் தாயி. அந்தத் தேதிக்கு. சின்னாளபட்டியில பஸ்ஸ விட்டு எறங்கி நடந்து போவேன். மொத மூணு வருசம் கதவத் தெறக்கல. வாசல்ல நின்னுட்டு வந்துருவேன். இப்ப அவரு சம்சாரம் ஒரு செம்புல தண்ணி குடுக்கும். குடிச்சிட்டு வருவேன். வேற பேச்சு ஒண்ணும் இருக்காது."

எனக்கு இது தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. பதினேழு வருஷத்தில் ஒரு வார்த்தை அவர் என்னிடம் சொன்னதில்லை. நான் இங்கே கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டிருந்த வருஷங்களில், அவர் அங்கே ஒரு வாசலில் போய் நின்றிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். இரண்டு பெண்களும் என்னைக் கவனிக்கவில்லை.

"இந்த வருசம்தான் முடியாது போல. முட்டி மடங்க மாட்டேங்குது. டாக்டரும் வேணாங்குறாரு" என்றார் அப்பா.

மகிழ் யோசிக்கவே இல்லை. "அப்பா வருவாங்க தாத்தா. உங்களுக்குப் பதிலா அப்பா போவாங்க."

"அவன் எதுக்கு?" என்றார். பொய் சொன்னபோது ஆடாத குரல் அப்போது ஆடியது. "அவன் எதுக்குத் தாயி? வேணாம்."

"போவாங்க" என்றாள். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "தாத்தா, சாப்டீங்களா? வெஞ்சனம் என்ன?" என்று கேட்டாள்.

"கத்திரிக்காய் தாயி" என்றார் அப்பா. அவர் சிரிப்பதை வெகுநாள் கழித்துக் கேட்டேன்.

7

டிக்கெட் போட்டாகிவிட்டது. பொங்கலுக்கு ஊரில் இருப்பேன். ஷெரிலிடம் லீவு கேட்டபோது, நல்ல விஷயமா என்று விசாரித்தார். ஆமாம் என்றேன்.

நேற்று அப்பா தனியாக என்னைக் கூப்பிட்டார். வாதாடவில்லை. எங்களுக்கு எப்போதுமே வேலையைப் பிரித்துக்கொள்ளும் பேச்சுதான் வரும். "வாசல்லயே நில்லு. கூப்ட்டாத்தான் உள்ள போகணும். அந்தம்மா தண்ணி குடுத்தா வேணாம்னு சொல்லிராத, வாங்கிக் குடி. எம் மகன்னு மட்டும் சொல்லு. போதும்." கடைசி வார்த்தையை இரண்டு தடவை சொன்னார்.

இதை அப்பா படிக்க மாட்டார், எழுத்து அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அக்கா படிப்பாள். படித்துவிட்டு என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. மகிழுக்கு இந்த எழுத்தைப் படிக்க வராது. என்றாவது வந்தாலும், அப்பா தாத்தாவுக்காக எழுதியது என்றுதான் நினைப்பாள். என் வீட்டில் என்னை நம்ப வேண்டிய ஆளிடம் உண்மை இனிச் செல்லாது. அதைச் செல்ல வைக்கக்கூடிய ஒரே இடம் சின்னாளபட்டியில் இருக்கிறது.

அந்த அம்மா இத்தனை வருஷம் தண்ணீர் கொடுத்தது யாருக்கு என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். செம்பு என் கைக்கு வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். குடித்துவிட்டால் எனக்கு வாய் வராது. சொன்ன பிறகு கதவைச் சாத்தினால் வாசலில் நிற்பேன். அடுத்த பொங்கலுக்கும் போய் நிற்பேன். செய்யாத தப்புக்கு அப்பாவுக்கு மூன்று வருஷம் ஆனது. எனக்கு எத்தனை ஆகும் என்று தெரியவில்லை.